முப்பத்தொன்றாம் அட்டை

வருஷத்தில் பதினோரு நாள்
புதுச்சேரியின் பழைய துறைமுகக் கிடங்குக்கு
வெள்ளை அடித்து, விளக்குப் போட்டு,
காட்சிக்கூடம் என்று பேர் வைக்கிறார்கள்.
எனக்கு வேலை படங்களில் இல்லை.
படங்களுக்கு வலப்பக்கம், ஒரு சாண் தள்ளி,
நெஞ்சு உயரத்தில்.

பேர். ஊர். வருஷம்.
துணிமேல் எண்ணெய் வண்ணம்.
தாள்மேல் கரி.
சுடுமண், இரும்புக் கம்பி, அறுந்த வலை.
நீளம், அகலம். விலையை மேசையில் கேட்க வேண்டும்.
ஒரு எழுத்து பிசகினாலும்
லியோனிலிருந்து போன் வரும்.

சுவர்தான் சிக்கல்.
கட்டும்போதே சாய்த்துக் கட்டினார்களோ,
கடலைப் பார்த்து அதுவாகவே சாய்ந்ததோ.
ரசமட்டம் வைத்து நேராக மாட்டினால்
பார்க்கிறவர்கள் கோணல் என்கிறார்கள்.
சுவரோடு சேர்த்துக் கொஞ்சம் கோணலாக மாட்டினேன்.
பிறகு ஒருவரும் குறை சொல்லவில்லை.
உப்புக்காற்றில் ராத்திரி பசை விட்டுவிடும்.
காலையில் அட்டைகள் தரையில் கிடக்கும்,
சோழி உருட்டிய மாதிரி,
சில குப்புற, சில மல்லாந்து.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை,
வம்பாகீரப்பாளையத்திலிருந்து நாலு பெண்கள் வந்தார்கள்.
கூடையை வெளியே வைக்கச் சொன்ன காவலாளியிடம்
"பூனை வந்தா நீதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு
நேராக முப்பத்தொன்றுக்குப் போனார்கள்.

ஆறடி அகலம். கறுப்பு வெள்ளை.
கரையில் ஒருத்தி. கன்னத்தில் கை.
பின்னால் கடல், கடலில் ஒன்றுமில்லை.
அட்டையில் நான் அடித்திருந்தேன்:
காத்திருப்பு.
பருத்தித் தாளில் மைத்தெளிப்பு அச்சு.

அந்த ஒருத்தி இப்போது என் முன்னால்,
கிளிப்பச்சைச் சேலையில், முழு வண்ணத்தில்.
"என்னா எழுதியிருக்கு இதுல?"
படித்துக் காட்டினேன்.
"யாருக்குக் காத்திருக்கேனாம்?"

மற்ற மூவரும் சிரித்த சிரிப்பில்
பக்கத்து நீர்வண்ணக்காரர் தன் படம்தான் காரணமோ என்று
திரும்பிப் பார்த்தார்.

"அவரு வூட்ல தூங்கினு இருந்தாரு.
போட்டும் கரையிலதான் கெடந்துச்சி.
எனக்குப் பல்லு வலி, தம்பி. உசுரு போச்சி அன்னிக்கி.
ராவெல்லாம் கிராம்பு வச்சிப் பார்த்துட்டு
மறுநாளு பெரியாஸ்பத்திரியில புடுங்கிட்டேன்.
தோ, பாரு."

தன் படத்துக்கு முன்னால் நின்று
ஆவென்று வாயைத் திறந்தாள் அஞ்சலாட்சி.
விளக்கு சரியாக அங்கேதான் விழுந்தது.

அன்று நான் செய்தது ஒப்பந்தத்தில் இல்லை.
கதவடைத்த பின் கணினியைத் திறந்தேன்.
தலைப்பைத் தொடவில்லை,
அது எடுத்தவருடையது.
கீழ்வரியில் ஒரு காற்புள்ளி மட்டும் போட்டேன்,
காற்புள்ளிக்குப் பின்னால் ஒரு சொல்.

பருத்தித் தாளில் மைத்தெளிப்பு அச்சு, பல்வலி.

அதே எழுத்து, அதே அளவு.
பசை மட்டும் இரண்டு பங்கு.

ஞாயிறு சந்தை முடித்துப் பையோடு வந்தவர்கள்,
தாகூர் கல்லூரிப் பிள்ளைகள்,
ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொண்ட ஓர் அம்மாள்,
எல்லோரும் முதலில் எட்ட நிற்பார்கள்.
ஒன்றுமில்லாத கடலைப் பார்ப்பார்கள்.
ஒரு பெருமூச்சுக்குத் தயாராவார்கள்.
பிறகு அட்டைக்குக் குனிவார்கள்.

நிமிரும்போது கை
கேட்காமலே கன்னத்துக்குப் போகும்.
மூடிய வாய்க்குள் நாக்கு
ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போவது
வெளியே நிற்கிற எனக்கே தெரியும்.

படம் எடுத்தவர் கடைசி நாள் மாலை
பெங்களூரிலிருந்து வந்தார்.
வெகுநேரம் படத்தை மட்டும் பார்த்தார்.
நேராக மாட்டியதற்கு நன்றி என்றார்.

மறுநாள் ஏணி போட்டு ஆணியைப் பிடுங்கினேன்.
கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.